பீரங்கிப் படையிலிருந்து பக்கிங்காம் அரண்மனைக்கு: ஸ்டாம்ஃபர்டம் பிரபு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் வரலாற்றைப் படிக்கிறவர்கள் 1910-க்கும் 1931-க்கும் இடையில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அரசர் ஐந்தாம் ஜார்ஜின் தனிச் செயலரான ஸ்டாம்ஃபர்டம் பிரபுவின் கையெழுத்தைக் காண்பார்கள். ரஷ்ய ஜாருக்கு அடைக்கலம் மறுத்த கடிதத்திலும், அரச குடும்பத்துக்கு வின்ட்சர் என்று பெயர் வைத்த பேச்சிலும், பால்ட்வின் பிரதமரான கதையிலும் அவர் இருக்கிறார். ஆனால் அவர் யார், எங்கிருந்து வந்தார், அவருக்கு என்ன அதிகாரம் இருந்தது என்று கேட்டால் தெளிவான பதில் கிடைப்பது அரிது. வாசகர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே, இங்கே தொகுத்திருக்கிறோம்.

ஒரு இடத்துல ஆர்தர் பிக்னு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல ஸ்டாம்ஃபர்டம் பிரபுன்னு போட்டிருக்கு. ரெண்டு பேரும் ஒரே ஆளா?

ஒரே ஆள்தான். ஆர்தர் ஜான் பிக் என்பது இயற்பெயர். 1849 ஜூன் 18-ஆம் தேதி பிறந்தார். தந்தை இங்கிலாந்தின் வடகோடியில் உள்ள நார்தம்பர்லாந்தில், ஸ்டாம்ஃபர்டம் என்ற கிராமத்தின் திருச்சபைப் பங்குக் குரு. 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் இவரைப் பிரபுவாக்கியபோது அந்தக் கிராமத்தின் பெயரையே பட்டமாக எடுத்துக்கொண்டார்.

ஆகவே 1895-க்கு முந்தைய ஆவணங்களில் கேப்டன் பிக், மேஜர் பிக், கர்னல் பிக் என்று இருக்கும். 1895 முதல் சர் ஆர்தர் பிக். 1911 கோடையிலிருந்து ஸ்டாம்ஃபர்டம். நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபையின் அதிகாரம் பற்றிய 1910 நவம்பர் நெருக்கடியைப் படிக்கும்போது ‘பிக்’ என்றும், 1911 ஆகஸ்ட் வாக்கெடுப்பைப் படிக்கும்போது ‘ஸ்டாம்ஃபர்டம்’ என்றும் வருவதால்தான் பலரும் குழம்புகிறார்கள்.

பங்குக் குருவோட பையன் எப்படி ராணுவ அதிகாரி ஆனார்? அந்தக் காலத்துல பதவியைக் காசு கொடுத்துத்தானே வாங்கணும்?

காலாட்படையிலும் குதிரைப்படையிலும் அப்படித்தான். அதிகாரிப் பதவிகளை விலைக்கு வாங்கும் முறை 1871 வரை அங்கே நடந்தது. பீரங்கிப் படைக்கும் பொறியாளர் படைக்கும் அது ஒருபோதும் பொருந்தியதில்லை. குண்டு எவ்வளவு தூரம் போகும் என்று கணக்குப் போடத் தெரியாதவனிடம் பீரங்கியை ஒப்படைக்க முடியாது என்பதே காரணம். அந்த இரு படைகளுக்கும் லண்டனை ஒட்டிய வூலிச்சில் தனி ராணுவக் கல்லூரி இருந்தது. போட்டித் தேர்வு எழுதித்தான் உள்ளே போக முடியும்.

ரோசல் பள்ளியில் படித்த பிக் வூலிச்சில் பயின்று, 1869-ல் அரச பீரங்கிப் படையில் லெப்டினன்டாகச் சேர்ந்தார். பணமோ பெரிய வம்சமோ இல்லாத, படிப்பில் கெட்டிக்காரனான நடுத்தரக் குடும்பத்துப் பையன் அதிகாரியாவதற்கு நேர்வழி அதுதான். அரண்மனையில் இவரைச் சுற்றி இருந்தவர்களில் பெரும்பாலோர் கோமான் வீட்டுப் பிள்ளைகள் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தத் தொடக்கத்தின் முக்கியத்துவம் புரியும்.

உண்மையிலேயே போர்க்களம் பார்த்தவரா, இல்ல சும்மா சீருடை மட்டுமா?

பார்த்தவர்தான். 1879-ல் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஜூலுப் போரில் தளபதி ஈவ்லின் வுட்டின் படைப்பிரிவில் இருந்தார். ஜனவரி 22-ஆம் தேதி இசாண்டில்வானாவில் பிரிட்டிஷ் படை ஜூலுக்களிடம் படுதோல்வி கண்டிருந்தது. மார்ச் 28-ஆம் தேதி ஹ்லோபேன் மலையில் மறுபடி அடி. மறுநாள், மார்ச் 29, சுமார் 20,000 ஜூலு வீரர்கள் கம்புலா முகாமைத் தாக்கினார்கள். முகாமில் இருந்தவர்கள் ஏறக்குறைய 2,000 பேர்.

அன்று முகாமில் இருந்தவை ஏழு பவுண்டு எடைக் குண்டு சுடும் ஆறு சிறிய பீரங்கிகள். இரண்டு மண்மேட்டுக் காப்பரணில். மற்ற நான்கும் காப்பரணுக்கும், மாட்டு வண்டிகளைச் சங்கிலியால் பிணைத்து அமைத்த வளையத்துக்கும் நடுவே, மறைவே இல்லாத வெட்டவெளியில். எதிரி நெருங்கினால் குண்டுகளை விட்டுவிட்டு, கிட்டத்தில் சிதறும் உருண்டைத் தோட்டாக்களைச் சுட வேண்டும். அதற்கும் மேல் நெருங்கினால் பீரங்கியைப் போட்டுவிட்டு வண்டி வளையத்துக்குள் ஓடிவிட வேண்டும் என்பதே திட்டம். பிக்கும் ஸ்லேட் என்ற இன்னொரு லெப்டினன்டும் கடைசிவரை வெட்டவெளியிலேயே நின்று சுட்டார்கள். காப்பரணுக்குள் இருந்த பீரங்கிகளுக்குப் பொறுப்பாயிருந்த நிக்கல்சன் உயிரிழந்தார். வுட் தன் அறிக்கையில் பிக்கின் பெயரைக் குறிப்பிட்டுப் பாராட்டினார்.

தங்கள் மண்ணைக் காக்க வந்த ஜூலுக்கள் மீது நடத்தப்பட்ட போர் இது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிக்கின் கடிதங்களைப் படிக்கிறவர்கள், பேரரசின் நியாயத்தைச் சந்தேகிக்காத தலைமுறையின் ஆள் அவர் என்பதை மறக்கக் கூடாது.

சரி, பீரங்கி சுட்ட ஆள் ராணிகிட்ட எப்படிப் போய்ச் சேர்ந்தார்?

ஒரு சாவின் வழியாக. பிரான்சின் கடைசிப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் ஒரே மகன் லூயி. ஆட்சி போய் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த குடும்பம். லூயியும் வூலிச்சில் படித்தார், பிறகு பீரங்கிப் படையோடு பயிற்சி பெற்றார். அங்கே பிக் அவருக்கு நண்பரானார். 1879-ல் ஜூலுப் போருக்குத் தானும் போக வேண்டும் என்று லூயி அடம்பிடித்துப் போனார். ஜூன் 1-ஆம் தேதி, ஒரு சிறு வேவுக் குழுவோடு இருந்தபோது ஈட்டிகளால் குத்துண்டு இறந்தார். வயது 23.

விதவைத் தாய் யூஜெனி, மகன் விழுந்த இடத்தை ஓராண்டு நிறைவில் பார்க்க விரும்பினார். 1880-ல் ஈவ்லின் வுட் தலைமையில் ஒரு குழு அவரை ஜூலுலாந்துக்கு அழைத்துப் போனது. மகனின் நண்பர் என்ற முறையில் பிக் அதில் இடம்பெற்றார். யூஜெனி விக்டோரியா ராணியின் நெருங்கிய தோழி. அவர் வழியாக ராணி பிக்கை அறிந்தார், பிடித்துப்போயிற்று. அதே 1880-ல் அரண்மனைப் பணியும், உதவித் தனிச் செயலர் பொறுப்பும் கிடைத்தன. மறு ஆண்டு கான்ஸ்டன்ஸ் நெவிலைத் திருமணம் செய்தார். மூத்த மகளுக்கு விக்டோரியா யூஜெனி என்று பெயர் வைத்தார்கள்.

தனிச் செயலர்னா நம்ம ஊர் பி.ஏ. மாதிரிதானே? டைரி பார்த்துக்கிற வேலைதானே?

இல்லை. அமைச்சகத்தின் தலைமைச் செயலர் என்று எண்ணிக்கொண்டால் கொஞ்சம் நெருங்கி வரலாம். பிரதமர், அமைச்சர்கள், வைஸ்ராய், ஆளுநர்கள் எல்லாரும் அரசருக்கு எழுதுவது இவர் மேசைக்கு வரும். தோல் பெட்டிகளில் பூட்டி வரும் தாள்களைப் பிரித்து, படித்து, எது உடனே, எது பிறகு, முன்பு இதே விஷயத்தில் என்ன முடிவானது என்று குறிப்பெழுதி அரசர் முன் வைக்க வேண்டும். அரசர் சொல்வதைக் கடிதமாக்கி அனுப்ப வேண்டும். அரசரின் உரைகள், பயணத் திட்டம், பிரதமரோடு நடக்கும் சந்திப்புகளுக்கான தயாரிப்பு எல்லாமே இவர் பொறுப்பு.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 1916 டிசம்பர் வரை பிரிட்டிஷ் அமைச்சரவைக் கூட்டங்களுக்கு நடவடிக்கைக் குறிப்பே கிடையாது. கூட்டம் முடிந்ததும் பிரதமர் தன் கையால் அரசருக்கு எழுதும் கடிதம்தான் ஒரே பதிவு. அந்தக் கடிதங்கள் எல்லாம் தனிச் செயலரின் கோப்பில். அமைச்சர்களுக்கே மறந்துபோனது அரண்மனைக்கு நினைவிருந்ததன் ரகசியம் இதுதான்.

எக்வெரி, ஏ.டி.சி., க்ரூம்-இன்-வெயிட்டிங்... இதெல்லாம் ஒண்ணா வேற வேறயா?

வேறு வேறு. எக்வெரி அரசரின் உடனிருப்பு அதிகாரி; விருந்தினரை வரவேற்பார், நிகழ்ச்சிகளுக்கு உடன் போவார். ஏ.டி.சி. என்பது பெரும்பாலும் ராணுவ மரியாதைப் பதவி. க்ரூம்-இன்-வெயிட்டிங் முறைவைத்து அரண்மனையில் தங்கிப் பணிவிடை செய்யும் கௌரவப் பொறுப்பு. அரசரின் சொந்தக் கணக்கு வழக்குகளைப் பார்ப்பவர் பிரிவி பர்ஸ் காப்பாளர். விழாக்களும் மரபுகளும் லார்ட் சேம்பர்லைனிடம்.

அரசியல் தொடர்பான எதுவும் தனிச் செயலரிடம் மட்டுமே. படிநிலைப் பட்டியலில் லார்ட் சேம்பர்லைன் இவருக்கு மேலே இருந்தாலும், பிரதமரின் கதவைத் தட்டக்கூடியவர் இவர்தான்.

ஏன் எப்பவும் ராணுவ ஆளுங்களையே இந்த வேலைக்கு எடுத்தாங்க?

பதவியே ஒரு ராணுவ அதிகாரியோடுதான் தொடங்கியது. 1805-ல் மூன்றாம் ஜார்ஜுக்குக் கண் மங்கியபோது, எழுதப் படிக்க ஹெர்பர்ட் டெய்லர் என்ற அதிகாரி நியமிக்கப்பட்டார். அமைச்சர்கள் இருக்க, அரசருக்குத் தனியாக ஒரு செயலரா என்று நாடாளுமன்றத்தில் அந்தப் பதவியின் மீது பிறகு கண்டனம் எழுந்தது. அந்தச் சந்தேகம் நீங்கப் பல்லாண்டுகள் பிடித்தன. விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் இறந்த பின் ஜெனரல் சார்லஸ் கிரே, 1870 முதல் கிரீமியப் போரில் பணியாற்றிய ஹென்றி பான்சன்பி என்று வரிசையாக ராணுவத்தார்.

காரணங்கள் எளியவை. கட்சி அரசியலில் இல்லாதவர்கள். ரகசியம் காக்கப் பழகியவர்கள். ஆனால் இவற்றைவிட முக்கியமான ஒன்று ராணுவப் பணியாளர் வேலையில் உண்டு: நடந்ததை அன்றே, தேதியோடு, யார் என்ன சொன்னார் என்று எழுதி வைப்பது, மேலதிகாரியிடம் கருத்தை ஒளிக்காமல் சொல்வது, அவர் முடிவெடுத்த பிறகு அது தனக்குப் பிடிக்காவிட்டாலும் தன் முடிவைப் போல நிறைவேற்றுவது. பிக்கின் ஐம்பது ஆண்டு அரண்மனை வாழ்க்கை முழுதும் இந்த மூன்று பழக்கங்களைச் சுற்றித்தான். அவருடைய பெருமையும் பிழையும் இவற்றிலிருந்தே வந்தன என்பது எங்கள் கருத்து.

விக்டோரியா ராணியிடம் வேலை பார்ப்பது கஷ்டமா?

மிகவும். ராணி ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் நேரில் பேசுவதைவிடத் துண்டுச் சீட்டு எழுதி அனுப்புவதையே விரும்புவார். ஆண்டில் பல வாரங்கள் ஸ்காட்லாந்தின் பால்மோரலிலும், வைட் தீவின் ஆஸ்பர்னிலும் கழியும். லண்டன் அமைச்சர்களோடு எல்லாமே கடிதத்திலும் தந்தியிலும். கடைசி ஆண்டுகளில் பார்வை மங்கியதால் செயலர்கள் பெரிய எழுத்தில், அடர்ந்த கறுப்பு மையில் எழுத வேண்டியிருந்தது.

பிக் பதினைந்து ஆண்டுகள் பான்சன்பிக்கு உதவியாளராக இருந்து தொழில் கற்றார். 1895 ஜனவரியில் பான்சன்பி பக்கவாதத்தால் வீழ்ந்ததும் தனிச் செயலரானார். 1901 ஜனவரி 22-ஆம் தேதி ராணி இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

ராணி இறந்ததும் ஏன் அடுத்த அரசரிடம் போகவில்லை?

ஏழாம் எட்வர்டுக்கு ஏற்கெனவே ஒரு செயலர் இருந்தார். இளவரசராக இருந்த காலத்திலிருந்தே கூட இருந்த பிரான்சிஸ் நோலிஸ். பழையவரை விட்டுவிட்டு அம்மாவின் செயலரை எடுக்க மாட்டார் அல்லவா? எனவே பிக், எட்வர்டின் மகன் ஜார்ஜிடம் (பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ்) சேர்ந்தார்.

பதவி இறக்கம் போலத் தெரிந்த இந்த மாற்றம்தான் பிக்கின் வாழ்க்கையைத் தீர்மானித்தது. ஜார்ஜ் கடற்படையில் வளர்ந்தவர். அண்ணன் இறந்ததால் வாரிசானவர். அரசியல் சட்டமோ வரலாறோ பெரிதாகப் படிக்காதவர். ஒன்பது ஆண்டுகள் பிக் அவருக்கு அருகில் இருந்து உரை எழுதுவது, கோப்புப் படிப்பது, அமைச்சரிடம் எதைக் கேட்பது என்று கற்பித்தார். ‘எப்படி அரசனாக இருப்பது என்று எனக்குக் கற்றுத் தந்தவர் அவர்’ என்று ஜார்ஜ் பின்னாளில் சொன்னது இதைத்தான்.

இந்தியாவுக்கு வந்திருக்கிறாரா? சென்னைக்கு?

1901-ல் ஆஸ்திரேலியாவின் முதல் கூட்டாட்சி நாடாளுமன்றத்தைத் திறக்க ஜார்ஜ் ஓஃபிர் கப்பலில் போனபோது பிக்கும் உடன் போனார். வழியில் கொழும்பில் இறங்கினார்கள். 1905–06-ல் இளவரசரின் இந்தியப் பயணத்திலும் அவரே செயலர். சென்னை எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் இன்றும் நிற்கும் செந்நிற விக்டோரியா நினைவு மண்டபத்துக்கு இளவரசர் அடிக்கல் நாட்டியது அந்தப் பயணத்தில், 1906 ஜனவரியில்.

அரசரான பின் ஜார்ஜ் மறுபடி வந்தது 1911 டிசம்பர் 12-ஆம் தேதி டெல்லி தர்பாருக்கு. தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றும் அறிவிப்பும், வங்கப் பிரிவினை ரத்தும் அந்த மேடையில் அரசர் வாயால் வரும்வரை வெளியே கசியவில்லை.

1910-ல் அரசருக்கு ரெண்டு செயலர்கள் இருந்தாங்களாமே? அதனால என்ன பிரச்சினை?

இந்தக் கேள்வியை ஒரே மூச்சில் விளக்க முடியாது. பின்னணி: லிபரல் அரசின் வரவுசெலவுத் திட்டத்தைப் பிரபுக்கள் சபை 1909-ல் நிராகரித்தது. அந்தச் சபையின் தடை அதிகாரத்தைக் குறைக்கப் பிரதமர் அஸ்குவித் சட்டம் கொண்டுவந்தார். அதையும் பிரபுக்களே நிறைவேற்ற வேண்டும். அவர்கள் மறுத்தால், நூற்றுக்கணக்கில் புதிய பிரபுக்களை நியமித்துச் சபையை நிரப்ப அரசர் ஒப்புக்கொள்வாரா? இதுதான் கேள்வி. 1910 மே 6-ஆம் தேதி எட்வர்ட் இறந்து, அனுபவமற்ற ஜார்ஜ் அரசரானார். அப்பாவின் நோலிஸையும் தன் பிக்கையும் சேர்த்துக் கூட்டுச் செயலர்களாக வைத்துக்கொண்டார்.

நவம்பரில் அஸ்குவித் ரகசிய உறுதிமொழி கேட்டார்: தேர்தலில் வென்றால் பிரபுக்களை நியமிப்பதாக இப்போதே வாக்குக் கொடுக்க வேண்டும், ஆனால் அதை வெளியே சொல்லக் கூடாது. நடக்காத ஒன்றுக்கு முன்கூட்டி வாக்குக் கொடுப்பதும், அதை மக்களிடம் மறைப்பதும் நேர்மையல்ல என்றார் பிக். மறுத்தால் அரசு ராஜினாமா செய்யும், மாற்று அரசு அமைக்க யாரும் இல்லை, கொடுத்துவிடுங்கள் என்றார் நோலிஸ். நவம்பர் 16-ஆம் தேதி அரசர் மனமில்லாமல் வாக்குக் கொடுத்தார்.

உண்மையில் மாற்று இருந்தது. அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில், கான்டர்பரி பேராயரின் இல்லமான லேம்பெத் அரண்மனையில் நடந்த சந்திப்பில், தேவைப்பட்டால் அரசு அமைக்கத் தயார் என்று எதிர்க்கட்சித் தலைவர் பால்ஃபர் சொல்லியிருந்தார். அந்தச் சந்திப்பில் நோலிஸும் இருந்தார். புதிய அரசரிடம் அதை அவர் சொல்லவில்லை. 1913-ல் நோலிஸ் ஓய்வுபெற்ற பிறகு, பழைய தாள்களிலிருந்துதான் ஜார்ஜுக்கு இது தெரியவந்தது. தெரிந்திருந்தால் என் முடிவு வேறாக இருந்திருக்கும் என்று அவர் குறித்து வைத்தார்.

அப்படின்னா பிக் சொன்னதுதான் சரி, நோலிஸ் செஞ்சது தப்பா?

தகவலை மறைத்தது தவறு. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் முடிவு தவறு என்று சொல்லிவிட முடியாது. பெரும்பான்மை பெற்ற அரசின் ஆலோசனையை மறுத்து, எதிர்க்கட்சியை ஆட்சியில் உட்கார வைத்திருந்தால், அரசரே ஒரு கட்சியின் ஆள் என்ற பெயர் வந்திருக்கும். 1911 ஆகஸ்ட் 10-ஆம் தேதி பிரபுக்கள் சபை 131-க்கு 114 என்ற கணக்கில் சட்டத்தை ஏற்றது. ஒரு புதிய பிரபுகூட நியமிக்க வேண்டியிருக்கவில்லை.

கவனிக்க வேண்டியது பிக் அதன் பிறகு நடந்துகொண்ட விதம். வாதத்தில் தோற்றவர், அரசர் கொடுத்த வாக்கு உண்மையானது, வெறும் மிரட்டல் அல்ல என்று பிரபுக்களுக்குப் புரியவைக்கும் வேலையை அதன் பின் முழு மனதோடு செய்தார். மேலே ராணுவப் பழக்கங்கள் பற்றிச் சொன்னதில் மூன்றாவது இதுதான்.

வின்ட்சர் என்ற பெயரை உண்மையிலேயே இவர்தான் கண்டுபிடித்தாரா?

ஆம். 1917-ல் ஜெர்மனியோடு போர் உச்சத்தில் இருந்தது. அரச வம்சத்தின் பெயரோ ஜெர்மன் பெயரான சாக்ஸ்-கோபர்க்-கோத்தா. அந்த ஜூன் 13-ஆம் தேதி லண்டன் மீது குண்டு போட்டு 162 பேரைக் கொன்ற விமானங்களின் பெயரும் கோத்தா. அரசரின் குடும்பப் பெயர்தான் என்ன என்று மரபுச் சின்னத் துறையிடம் கேட்டால் அவர்களுக்கே உறுதியில்லை. பிளான்டாஜெனட், யார்க், லான்காஸ்டர், ஃபிட்ஸ்ராய் என்று பல பெயர்கள் அலசப்பட்டன. மூன்றாம் எட்வர்ட் ‘வின்ட்சர் எட்வர்ட்’ என்று அழைக்கப்பட்டதைக் காட்டி ஸ்டாம்ஃபர்டம் வின்ட்சரை முன்மொழிந்தார். ஜூலை 17-ஆம் தேதி பிரகடனம் வந்தது. நூறாண்டு கடந்தும் அந்தப் பெயர் மாறவில்லை.

ஜார் நிக்கலஸ் குடும்பத்தைக் காப்பாத்தாம விட்டது லாயிட் ஜார்ஜா, அரசரா, இவரா?

நெடுங்காலம் பழி பிரதமர் லாயிட் ஜார்ஜ் மீதே இருந்தது. 1980-களில் அரண்மனைத் தாள்கள் விரிவாக வெளிவந்த பிறகு படம் மாறியது. வரிசையாகப் பாருங்கள். 1917 மார்ச் 15-ஆம் தேதி ஜார் பதவி விலகினார். மார்ச் 22-ஆம் தேதி டவுனிங் தெருவில் நடந்த கூட்டத்தில், அடைக்கலம் தரலாம் என்று முடிவானது. ஸ்டாம்ஃபர்டமும் அதில் இருந்தார். ஜார் குடும்பச் செலவை யார் ஏற்பது என்று அப்போதே கேட்டார். மார்ச் 30-ஆம் தேதி, இந்த அழைப்பு சரியா என்ற அரசரின் தயக்கத்தை வெளியுறவு அமைச்சர் பால்ஃபருக்கு எழுதினார். கொடுத்த அழைப்பைத் திரும்பப் பெற முடியாது என்று பதில் வந்தது. ஏப்ரல் 6-ஆம் தேதி ஒரே நாளில் இரண்டு கடிதங்கள்: ஜார் தம்பதி இங்கே வந்து வசித்தால் மக்கள் கடுமையாக வெறுப்பார்கள், அரசர், அரசியின் நிலையையே அது பாதிக்கும் என்று. அடுத்த வாரம் நேரிலும் போய் வலியுறுத்தினார். அழைப்பு கைவிடப்பட்டது. 1918 ஜூலை 17-ஆம் தேதி ஜாரும் குடும்பமும் கொல்லப்பட்டார்கள்.

எனவே, முடிவு அரசருடையது. அதை விடாமல் அழுத்தி நிறைவேற்றியது ஸ்டாம்ஃபர்டம். பழியைச் சுமந்தது அரசு. அழைப்பு நீடித்திருந்தாலும் ரஷ்யப் புரட்சிக் குழுக்கள் ஜாரை வெளியே விட்டிருக்குமா என்பது தனிக் கேள்வி. ஆனால் அதைக் காட்டி இந்தக் கடிதங்களை மென்மையாக்கக் கூடாது. அரியணையைக் காப்பதே தன் கடமை என்று நினைத்தவர், அரசரின் சொந்தச் சித்தி மகனை அந்தக் கடமைக்கு வெளியே நிறுத்தினார். அவருடைய பணி வாழ்க்கையில் இதுவே மிகக் கனமான பக்கம்.

அவரோட மகனும் போர்ல இறந்துட்டாராமே?

ஆம். ஒரே மகன் ஜான், ரைஃபிள் படையின் அதிகாரி, 1915 மே மாதம் பிரான்சில் கொல்லப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டே மூத்த மகளின் கணவர் ஹென்றி அடீன் போரில் இறந்திருந்தார். பிரபுப் பட்டம் மகன் வழியே மட்டும் போகக்கூடியது என்பதால் 1931-ல் ஸ்டாம்ஃபர்டமோடு பட்டமும் முடிந்தது.

1923-ல் கர்சனுக்குப் பிரதமர் பதவி கிடைக்காம போனதுக்கு இவர்தான் காரணமா?

காரணம் என்பதைவிட, செய்தி சொல்ல அனுப்பப்பட்டவர் என்பது சரி. பிரதமர் போனர் லா தொண்டைப் புற்றுநோயால் மே 20-ஆம் தேதி விலகினார். அடுத்தவர் யார் என்று சொல்லும் நிலையில் அவர் இல்லை. போட்டி, இந்தியாவின் முன்னாள் வைஸ்ராய் கர்சனுக்கும் நிதியமைச்சர் பால்ட்வினுக்கும். ஸ்டாம்ஃபர்டம் மூத்த தலைவர்களின் கருத்தைக் கேட்டார். ராஜினாமாக் கடிதத்தோடு பால்ட்வினை ஆதரிக்கும் ஒரு குறிப்பும் அரண்மனைக்கு வந்தது. அது போனர் லாவின் எண்ணம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. உண்மையில் எழுதியவர் பால்ட்வினுக்கு நெருக்கமான ஜே. சி. சி. டேவிட்சன். குறிப்பு யாருடையது என்று உறுதி செய்யாமல் விட்டது ஸ்டாம்ஃபர்டம் போன்ற கவனமான ஆளுக்குப் பொருந்தாத சறுக்கல்.

இன்னொரு சறுக்கல், கர்சனை நாட்டுப்புற மாளிகையிலிருந்து தந்தி கொடுத்து லண்டனுக்கு வரவழைத்தது. பதவி தரத்தான் அழைக்கிறார்கள் என்று நம்பி ரயிலேறினார் அவர். மே 22-ஆம் தேதி அவர் வீட்டில், பால்ட்வின் தேர்ந்தெடுக்கப்பட்டதைச் சொல்லும் வேலை ஸ்டாம்ஃபர்டமுக்கு. ஆனாலும் அந்த முடிவுக்கு வலுவான காரணம் இருந்தது: முக்கிய எதிர்க்கட்சியாகிவிட்ட லேபர் (தொழிலாளர்) கட்சிக்குப் பிரபுக்கள் சபையில் ஏறக்குறைய ஆளே இல்லை. பிரதமர் மக்கள் பிரதிநிதிகளின் சபையில் இருந்து பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகு பிரபுக்கள் சபையில் இருந்துகொண்டு யாரும் பிரதமராக ஆளவில்லை.

தொழிலாளர் கட்சி ஆட்சிக்கு வந்தப்போ இந்தப் பழைய பட்டாளத்துக்காரர் எதிர்த்திருப்பாரே?

எதிர்க்கவில்லை. 1924 ஜனவரி 22-ஆம் தேதி ராம்சே மெக்டொனால்டு பதவியேற்றார். ‘என் பாட்டி இறந்து இன்றோடு 23 ஆண்டுகள், லேபர் அரசைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்!’ என்று அரசர் நாட்குறிப்பில் எழுதினார். ஆனால் புதியவர்களுக்கு நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்பதில் அரசரும் செயலரும் ஒன்றாக இருந்தார்கள்.

உடை விஷயத்தில் ஸ்டாம்ஃபர்டம் செய்ததைச் சொல்லியாக வேண்டும். அரசவைச் சீருடை புதிதாகத் தைக்கப் பெரும் செலவாகும். சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்து அமைச்சரானவர்கள் எங்கே போவார்கள்? மாஸ் பிரதர்ஸ் கடையில் விசாரித்து, முழு உடையும் 30 பவுண்டிலிருந்து தயாராகக் கிடைக்கிறது என்று அவரே கட்சிக்கு எழுதினார். 74 வயது பிரபு, கடையில் விலை கேட்டு எழுதிய கடிதம் அது.

அவருக்குப் பிறகும் இதே வழியில வந்தவங்க இருக்காங்களா? இன்னைக்கு ஒரு ராணுவ அதிகாரி இப்படி வர முடியுமா?

ஸ்டாம்ஃபர்டம் 1931 மார்ச் 31-ஆம் தேதி, 81 வயதில், பதவியில் இருக்கும்போதே இறந்தார். அடுத்து வந்தவர் அவருடைய உதவியாளர் கிளைவ் விக்ரம். வங்காள ஈட்டிக் குதிரைப்படை அதிகாரி, மதராஸ் சிவில் சர்வீஸில் பணியாற்றியவரின் மகன். போரில் இறந்த ஹென்றி அடீனின் மகன் மைக்கேல் அடீன், அதாவது ஸ்டாம்ஃபர்டமின் மகள் வயிற்றுப் பேரன், கோல்ட்ஸ்ட்ரீம் காவல்படையிலிருந்து வந்து 1953 முதல் 1972 வரை இரண்டாம் எலிசபெத்தின் தனிச் செயலராக இருந்தார். அவருக்குப் பின் வந்த மார்ட்டின் சார்ட்டரிஸும் ராணுவத்தார்.

இன்று எக்வெரி பதவிகளுக்கு முப்படை அதிகாரிகள் சில ஆண்டுகள் அனுப்பப்படுகிறார்கள். முடிந்ததும் படைக்கே திரும்புவது வழக்கம். தனிச் செயலர் பதவிக்கு ராணுவம் மட்டுமே வழி என்ற நிலை போய்விட்டது. மூன்றாம் சார்லஸின் செயலர் கிளைவ் ஆல்டர்டன் வெளியுறவுத் துறையிலிருந்து வந்தவர்.

ஸ்டாம்ஃபர்டம் கையெழுத்துப் போட்ட கடிதத்தைப் படிக்கும்போது, அது அரசர் கருத்தா இவர் கருத்தான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஆய்வு மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். முதலில் வினைச்சொல்லைப் பாருங்கள். ‘அரசர் சொல்லச் சொன்னார்’, ‘அரசர் விரும்புகிறார்’ என்று தொடங்கினால் அது அரசரின் பெயரில் வரும் அதிகாரபூர்வச் செய்தி. சொற்கள் செயலருடையவை, பொறுப்பு அரசருடையது. ‘நான் நினைக்கிறேன்’ என்று வந்தால் அது சக அதிகாரிக்கோ நண்பருக்கோ எழுதிய சொந்தக் கருத்து. அதை அரசரின் கருத்தாக மேற்கோள் காட்டக் கூடாது. மூன்றாவது வகை, யாருக்கும் அனுப்பாத உள்குறிப்பு. ஒரு சந்திப்பு முடிந்ததும் யார் என்ன சொன்னார் என்று கோப்புக்காக எழுதியது. மூன்றிலும் அதிக நம்பிக்கைக்கு உரியது இதுவே. ஆனால் எழுதியவர் ஒரு தரப்பு என்பதை மறக்காமல், எதிர்த் தரப்பின் பதிவோடு ஒப்பிட வேண்டும். 1910 நவம்பருக்கு பிக்கின் குறிப்பை மட்டும் படித்தால் நோலிஸ் வில்லனாகிவிடுவார்.

அடுத்து, தேதிகளை வரிசைப்படுத்துங்கள். 1917 ஏப்ரல் 6-ஆம் தேதி எழுதிய இரண்டு கடிதங்களில் ஒன்றை மட்டும் படித்தால் அது தயக்கம் போலத் தெரியும். மார்ச் 30-லிருந்து வரிசையாகப் படித்தால் அது அழுத்தம் என்று புரியும். அரண்மனைப் பிரதிகள் வின்ட்சர் கோட்டையின் வட்டக் கோபுரத்தில் உள்ள அரச ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெறுநரின் பிரதி அவரவர் தாள்களிலோ அரசுக் கோப்புகளிலோ இருக்கும். முடிந்தவரை இரண்டையும் பாருங்கள். பெறுநர் ஓரத்தில் எழுதிய குறிப்பு அரண்மனைப் பிரதியில் இருக்காது.